கசிவின் மேல் போட்ட அட்டை

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே சுகம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. உன் மாமாவின் இடுப்பில் கம்பி வைத்திருக்கிறார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறை வரை போகிறார். இனிமேல் மூட்டை தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவருக்கு வேறு என்ன வேலை தெரியும்?

கிடங்கு மேனேஜர் ஒரு பை நிறையப் பழத்தோடு வந்தார். ஆறுதல் எல்லாம் சொல்லிவிட்டுக் கிளம்பும்போது, "அட்டைய அவரே போட்டு அவரே வழுக்கி விழுந்துட்டாரும்மா, கம்பெனி என்ன பண்ணும்" என்கிறார். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. பழத்தை அவர் கையிலேயே திணித்து அனுப்பினேன். பிள்ளைகள் பையையே பார்த்தார்கள். பார்க்கட்டும்.

குளிர் அறைக் கதவடியில் தண்ணீர் கசிவது அங்கே யாருக்குத் தெரியாது? குழாயை மாற்ற மனசு வராது. காலிப் பெட்டியைப் பிரித்து ஈரத்தின் மேல் அட்டையைப் போடுவார்கள். அது ஊறினால் அதன்மேல் இன்னொன்று. நீயும் மாமாவும் சாப்பிட உட்கார்ந்தால் இதைச் சொல்லித்தானே சிரிப்பீர்கள்.

நஷ்டஈடு கேட்க ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தேன். கசிவின் படம் வேண்டும், சாட்சி வேண்டும் என்றார். மாமாவின் துணிமணியை எடுக்க வந்தேன் என்று வாட்ச்மேனிடம் புளுகிவிட்டு நானே உள்ளே போனேன். போனால் புதுக் குழாய், புது சிமெண்ட். விழுந்த மனுஷன் இன்னும் நிமிர்ந்து நடக்கவில்லை, அதற்குள் தரைக்கு வைத்தியம் முடிந்துவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள், தம்பி. அந்தச் சிமெண்டையே படம் எடுத்து வந்தேன். ஓட்டை இல்லாமலா அடைத்தார்கள், இதுவும் உதவும் என்றார் வக்கீலம்மா. ஆனால் உள்ளே வேலை பார்த்த ஒருவர் வாய் திறக்க வேண்டுமாம். உன் கூட்டாளிகள் வீட்டுக்கெல்லாம் போனேன். "எங்களுக்கும் புள்ளகுட்டி இருக்குக்கா" என்று கதவைச் சாத்திவிட்டார்கள்.

அட்டையைப் போட்டது யார் என்று வக்கீலம்மா வீட்டுக்கு வந்து கேட்டபோது மாமா தெரியாது என்றார். அவருக்குப் பொய் சொல்ல வராது, காதைத் தடவுவார். அன்றும் தடவினார். வக்கீலம்மா கிளம்பியதும், "அவன இதுல இழுக்காத, இப்பதான் வேற கிளையில நல்ல வேலை குடுத்திருக்காங்க" என்றார். நான் யார் பேரையும் எடுக்கவே இல்லை.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். ஆஸ்பத்திரிக்குக்கூட வராமல் வண்டி ஏறினாயே. ஆனால் நீயாகப் போட்டிருக்க மாட்டாய், போடச் சொன்ன வாய் ஒன்று இருக்கும். அது யாருடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. மாமா வீட்டுச் சோறு தின்றவன் என்பதற்காக இல்லை, நடந்தது அது என்பதற்காக. இந்தக் கடிதம் மாமாவுக்குத் தெரியாது.

அங்கேயும் குளிர் அறை இருக்கும். தரையைப் பார்த்து நட. நீ விழுந்தால் உன் தப்புதான் என்று சொல்ல, ஒரு பை பழத்தோடு என்னிடம்தான் வருவார்கள். உனக்கு ஒன்றும் ஆகக் கூடாது, நன்றாக இரு.

உன் பதிலுக்காக வாசலையே பார்த்திருக்கும்,
அக்கா