தனியா வந்தேன்னு சொன்னவனுக்கு

என் உயிரில் பாதியாக இருந்த செல்வராஜ் மச்சானுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உன் டெம்போவை இப்போது உன் சித்தப்பா மகன் ஓட்டுகிறான். நம் சந்து முனையில் இருந்த பழைய கட்டடத்தை இடித்துவிட்டார்கள். உன் மகள் முத்து சயானில் காலேஜில் சேர்ந்துவிட்டாள். போன ஞாயிற்றுக்கிழமை சென்னை ஃபுட்பால் டீம் மறுபடியும் இங்கே விளையாட வந்தது. நான் போனேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் போன வருட மேட்சைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. உனக்குத் தெரிந்த கதைதான். பத்திரிகையில் வாசிக்கிற மற்றவர்களுக்குத் தெரியாதே.

நம்மைப் பற்றி அவர்களுக்கு ரெண்டு வரி சொல்லிவிடுகிறேன். நான் பீர் முகமது, தாராவியிலேயே பிறந்தவன். வாப்பா மேலப்பாளையத்திலிருந்து வந்து போட்ட தோல் பை பட்டறையை இப்போது நான் நடத்துகிறேன். நீ பத்தொன்பது வயதில் வள்ளியூர் பக்கத்திலிருந்து வந்தவன். என் பைகளைக் கடைகளுக்குக் கொண்டுபோய் இறக்கியது இருபத்திரண்டு வருடமும் உன் டெம்போதான். மாதுங்காவில் உன் கல்யாணம் நடந்தபோது, தனலட்சுமிக்கு உடன்பிறந்தவன் இல்லை என்று, பெண்ணுக்கு அண்ணன் செய்ய வேண்டியதை என்னைச் செய்யச் சொன்னார்கள். அன்றைக்கு அவள் எனக்குத் தங்கச்சி ஆனாள். நீ மச்சான் ஆனாய்.

ஃபுட்பால் பைத்தியம் நம் ரெண்டு பேருக்கும் உண்டு. ஆனால் டீம் வேறு. எனக்கு மும்பை, உனக்குச் சென்னை.

"நீ சென்னையை எத்தனை தடவலே பாத்திருக்க?" என்று கேட்பேன்.

"ஒரு தடவ. அதுவும் ஒரு கல்யாணத்துக்கு. அதுக்கு என்ன இப்பம்? பதினோரு பேர்ல ரெண்டு பேராவது நம்ம பாசை பேசுவான்லா, அது போதும்" என்பாய்.

போன வருடம் என்னிடம் பை வாங்குகிற வியாபாரி ஒருவர் ரெண்டு பாஸ் கொடுத்தார். அந்தேரி ஸ்டேடியத்தில் ஞாயிறு சாயந்திரம் மேட்ச். வெளியூர் ரசிகர்களுக்கு ஒரு மூலையில் தனியாக இடம் உண்டு. நம் பாஸ் அங்கே இல்லை, மும்பை ரசிகர்களுக்கு நட்டநடுவில். மாஹிம் ஸ்டேஷனில் வண்டி ஏறும்போதே உன்னிடம் சொன்னேன். "மச்சான், கோல் போட்டாலும் கத்தக்கூடாது, கேட்டியா."

"சத்தியமா கத்தமாட்டேன்" என்றாய். செக் சட்டைக்கு உள்ளே நீ சென்னை டீம் சட்டை போட்டிருந்தது எனக்குத் தெரியாது.

முதல் பாதி முழுக்க நல்ல பிள்ளையாக இருந்தாய். ரெண்டாவது பாதியில் சென்னை கோல் போட்டபோது நான் உன்னைத்தான் பார்த்தேன். ரெண்டு கையையும் தொடைக்கு நடுவே இறுக்கி வைத்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு, உடம்பெல்லாம் குலுங்க உட்கார்ந்திருந்தாய். கண்ணில் தண்ணீர். அத்தனை சந்தோஷத்தைச் சத்தமில்லாமல் வைத்துக்கொள்ள ஒரு மனுஷன் படுகிற பாட்டை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நீ வாக்கு மீறவில்லை மச்சான். சட்டை பட்டன்தான் காட்டிக்கொடுத்தது. புழுக்கத்தில் மேல் ரெண்டு பட்டனை அவிழ்த்துவிட்டிருந்தாய். பின்னால் இருந்த நாலைந்து இளவட்டங்களில் ஒருவன் எட்டிப் பார்த்துவிட்டான். எந்த டீம்டா நீ என்று கேட்டான். மும்பை என்று சொல்லியிருக்கலாம். நீ திரும்பி அவனை நேராகப் பார்த்து, "சென்னை" என்றாய்.

அவன் அடுத்து என்னைக் கேட்டான். "நீயும் இவன் கூடவா?"

நான் சொன்னதை இங்கே எழுதத்தான் வேண்டும். இந்தியில் சொன்னேன், நன்றாக, இங்கேயே பிறந்தவன் பேசுகிற இந்தியில். "இல்ல. நான் இந்த ஊர்க்காரன். இந்த ஆளை எனக்குத் தெரியாது."

உன் தலையில் கூல்டிரிங்க்ஸை ஊற்றினார்கள். ஒருவன் உள்சட்டையின் கழுத்தைப் பிடித்து இழுத்தான், அது கிழிந்தது. நம் வரிசையில் இருந்த ஒரு வயசான மராட்டிக்காரர் மட்டும் எழுந்து, விடுங்கடா என்று சத்தம் போட்டார். யாரென்றே தெரியாத மனுஷன். நான் மைதானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காவலாளி வந்து உன்னை எழுப்பினார். கூட யாராவது வந்திருக்கிறார்களா என்று கேட்டார்.

"அகேலா ஆயா ஹூன்" என்றாய். தனியாத்தான் வந்தேன்.

போகும்போது என் பக்கம் திரும்பவே இல்லை. கோபத்தில் திரும்பவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். திரும்பினால் அவர்களுக்குத் தெரிந்துவிடும் என்று திரும்பாமல் போனாய் என்பது அப்புறம்தான் உறைத்தது. நீ வெளியே போன பிறகும் நான் கடைசிவரை உட்கார்ந்திருந்தேன். மும்பை கோல் போட்டுச் சமன் செய்தபோது எல்லோரும் எழுந்து கத்தினார்கள். நானும் எழுந்து கத்தினேன் மச்சான். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

வெளியே டீக்கடை பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாய். தலையைக் கழுவி, பட்டனெல்லாம் போட்டிருந்தாய். "யாருல ஜெயிச்சா?" என்று கேட்டாய்.

"சமம்."

"ஒரு பாயிண்ட் கெடச்சிட்டுல்லா. வா, வண்டிக்கு நேரமாச்சி."

அவ்வளவுதான். நீ என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டியிருக்கலாம். ஓங்கி ஒரு அறை விட்டிருக்கலாம். ஏன் செய்யவில்லை? மறுநாள் காலையில் எப்போதும் போல வந்து, "மச்சான், சரக்கு ரெடியா?" என்று கேட்டாய். உன் முகத்தைப் பார்க்க எனக்கு ஆகவில்லை. தப்பு செய்தவன் நான், ஓடி ஒளிந்தவனும் நான். சரக்கு கம்மி என்று ஒரு வாரம் சொன்னேன். அடுத்த மாதம் வேறு ஒரு டெம்போக்காரனைப் பிடித்துக்கொண்டேன். நீ அதையும் கேட்கவில்லை. சந்தில் எதிரே பார்த்தால் கையைத் தூக்கிச் சிரித்துவிட்டுப் போவாய்.

வெயில் காலத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை, தேவ்நாரிலிருந்து யாருடைய சரக்கையோ ஏற்றிக்கொண்டு வருகிற வழியில் உனக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. வண்டியை ஓரமாக நிறுத்தி, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, ஸ்டியரிங்கில் சாய்ந்திருக்கிறாய். வெகு நேரம் கழித்துத்தான் யாரோ பார்த்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது எல்லாம் முடிந்திருந்தது. செவ்வாய்க்கிழமை கடை கடையாக ஆர்டர் கேட்க உன் பக்கத்து சீட்டில் நான் வருகிற நாள். இருபத்திரண்டு வருடம் அப்படித்தான். நான் அந்த சீட்டில் இருந்திருந்தால்? இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு நான் யாரிடம் போவேன்?

மூன்றாம் நாள் உன் வீட்டில் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். தனம் வந்து எதிரே உட்கார்ந்தாள். அழுது அழுது குரலே போயிருந்தது.

"அண்ணே, அவிய ஒங்களப் பத்தி எப்பவும் சொல்லுவாவ. அன்னைக்கு மேட்சுல அடிக்க வந்தப்போ நீங்கதான் குறுக்க விழுந்து தடுத்தியளாமே. பீரு இல்லைன்னா என் மண்ட ஒடஞ்சிருக்கும்னு சொன்னாவ. கிழிஞ்ச சட்டைய நான்தான் தச்சிக் குடுத்தேன்."

முத்து அம்மாவுக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தலையை ஆட்டினேன். அன்றைக்கு ஸ்டேடியத்தில் உன்னைத் தெரியாது என்று சொன்னது ஒரு தடவை. உன் வீட்டில் தலையை ஆட்டியது ரெண்டாவது தடவை.

அதிலிருந்து உன் பிள்ளைக்கு நான் வெறும் பீர் மாமா இல்லை, அப்பாவைக் காப்பாற்றிய மாமா. காலேஜ் ஃபாரத்தில் பெற்றோர் பெயருக்குக் கீழே, அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய ஆள் என்று என் பெயரைத்தான் எழுதியிருக்கிறாள்.

இந்த மேட்சுக்கு ஒரு வாரம் முன்னால் முத்து போன் செய்தாள். "மாமா, சென்னை டீம் வருது. மூணு சீட்டு எடுத்துட்டேன். அம்மாவும் வாறாவ. நீங்க கண்டிப்பா வரணும்." எந்தப் பக்கம் சீட்டு என்று கேட்டேன். கிடைத்த இடத்தில் எடுத்திருந்தாள். மறுபடியும் மும்பை ரசிகர்களுக்கு நடுவில்.

தனம் தைத்துக் கொடுத்த உன் சட்டையை முத்து போட்டுக்கொண்டு வந்தாள். தோளில் தொளதொள என்று தொங்கியது. மேலே எதையும் போட்டு மறைக்கவில்லை. அந்த வாரம் முழுக்க நான் ஒன்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். எவனாவது வருவான். இந்தத் தடவை நான் குறுக்கே விழுவேன். என் மண்டை உடைந்தாலும் சரி, உடையட்டும் என்று அல்லாவிடம் துவா கேட்காத குறைதான்.

ஒருத்தனும் வரவில்லை மச்சான். பின்னால் டிரம் வைத்திருந்த ஒரு பையன் சட்டையைப் பார்த்துவிட்டு, "சென்னையா?" என்று முத்துவைக் கேட்டான். "ஆமா, எங்க அப்பாவோட டீம்" என்று அவள் இந்தியில் சொன்னாள். அவன் சிரித்துக்கொண்டே, தனம் நன்றாகச் சாய்ந்து உட்காரட்டும் என்று டிரம்மைத் தள்ளி வைத்தான். அதோடு விட்டிருக்கலாம். முத்து என் தோளைத் தொட்டு அவனிடம் சொன்னாள். "போன வருஷம் இங்க எங்க அப்பாவ அடிக்க வந்தாங்க. இந்த மாமாதான் காப்பாத்துனாரு."

அந்தப் பையன் எழுந்து நின்று எனக்குக் கை கொடுத்தான். நான் அந்தக் கையைப் பிடித்தேன்.

இடைவேளையில் முத்து தண்ணீர் வாங்கப் போனாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. தனத்திடம் சொன்னேன். தெரியாது என்று சொன்னது, உட்கார்ந்தே இருந்தது, எழுந்து கத்தியது, டெம்போவை மாற்றியது, எல்லாம். தமிழில்தான் சொன்னேன். சுற்றி இருந்தவர்கள் யாருக்கும் புரியவில்லை. அவளுக்கு மட்டும் ஒவ்வொரு சொல்லும் புரிந்தது.

அவள் மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவியளுக்குப் பொய் சொல்லவே வராது" என்றாள். "சொன்னது அந்த ஒண்ணுதான் போல."

"தங்கச்சி..."

"எதுக்குச் சொன்னாவன்னு எனக்கு இப்பம் வெளங்குது. ஒங்கள நான் வெறுத்துறக் கூடாதுன்னு நெனச்சிருக்காவ. ஒறவு விட்டுப்போவும்லா." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீங்களாப் போயி முத்துகிட்டச் சொல்லாதீய. அவளுக்கு அப்பனும் இல்ல. இப்பம் இதையும் புடுங்க வேண்டாம்."

முத்து தண்ணீரோடு வந்தபோது, தனம் எழுந்து அந்தப் பக்கச் சீட்டுக்கு மாறி உட்கார்ந்தாள். முத்து நடுவில் உட்கார்ந்தாள். மேட்ச் முடியும்வரை தனம் என் பக்கம் திரும்பவில்லை.

சென்னை ஒரு கோல் போட்டது. முத்து எழுந்து தொண்டை கிழியக் கத்தினாள். பின்னாலிருந்து ரெண்டு பேர் கேலி பண்ணினார்கள், அவ்வளவுதான். நீ போன வருடம் அடக்கி வைத்ததெல்லாம் அவள் தொண்டை வழியாக வருகிற மாதிரி இருந்தது. தனம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் உட்கார்ந்தே இருந்தேன். கடைசியில் சென்னை ஒன்றுக்கு ரெண்டு என்று தோற்றுவிட்டது. உன்னிடம் அதையும் சொல்லிவிட வேண்டும் அல்லவா.

நேற்று தனத்துக்கு போன் செய்து இந்தக் கடிதத்தைப் பற்றிக் கேட்டேன். எழுதட்டுமா, நாலு பேர் வாசிக்கிற மாதிரி பத்திரிகையில் போடட்டுமா என்று.

அவள் சொன்னாள். "எழுதுங்க. முத்துவுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். என்னைக்காவது அவளே தேடி எடுத்து வாசிச்சான்னா வாசிக்கட்டும். அதுக்குள்ள மனசுல கொஞ்சம் பெலம் வந்திருக்கும்." என்னை அண்ணே என்று கூப்பிடவில்லை. நானும் அதை எதிர்பார்க்கவில்லை.

மச்சான், உன் பொய்யால் எனக்கு உன் குடும்பத்தில் ஒரு இடம் கிடைத்தது. நான் அதற்கு உரியவன் இல்லை என்று உனக்குத் தெரியும். தெரிந்தேதான் கொடுத்தாய். உன்னை மாதிரி ஒரு மனுஷனை நான் இன்னும் எத்தனை நாள் வாழ்ந்தாலும் பார்க்கப்போவதில்லை. அதை நீ உயிரோடு இருக்கும்போதே உன்னிடம் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் சொல்லியிருக்கலாம். அந்த மேட்சுக்கு அப்புறம் நாலு மாதம் இருந்தது.

ஒன்று மட்டும் சத்தியம் செய்கிறேன். முத்துவின் படிப்புக்கும் கல்யாணத்துக்கும் நான் நிற்பேன், கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும். அப்புறம் என்றைக்காவது ஒரு நாள் அவள் இதை எழுத்துக் கூட்டிக் கடைசி வரி வரைக்கும் வாசித்துவிட்டு, என் பட்டறை வாசலில் வந்து நின்று, "இது நீங்கதானா?" என்று கேட்பாள். அன்றைக்கு மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்று, "ஆமா, நான்தான்" என்று சொல்வேன்.

தனத்துக்கு அண்ணனாக நின்று, உனக்கு மச்சான் ஆனவன்,
பீர் முகமது
தாராவி