கடலைப் பாத்துக்கொண்டு இருப்பம்

யேசு மரி சூசை துணை

கொட்டாஞ்சேனை,
19-7-1938

என்ர அன்பு மகள் பிறிஜெற்றுக்கு,

ஆண்டவர் கிருபையால நானும் அப்பாவும் சுகம், மட்டக்களப்பு வெயிலுக்க நீயும் சுகமாயிருக்க வேணும் எண்டு மாதாவுக்கு நாளும் மெழுகுதிரி கொளுத்திறன். கடித உறையில உன்ர மடத்துப் பேரைத்தான் எழுதியிருக்கிறன், சிஸ்ரர் மேரி அலோசியா எண்டு. உள்ளுக்க நீ எனக்குப் பிறிஜெற்தான். உங்கட மடத்து மதர் கடிதத்தை உடைச்சு வாசிச்சுப்போட்டுத்தான் உன்னட்டைத் தருவா எண்டு தெரியும், வாசிக்கட்டும், நான் ஒண்டும் ஒளிச்சு எழுதேல்லை.

உன்ர கடிதம் கிடைச்சது. உங்கட பள்ளிக்கூட ஆகஸ்ட் விடுதலைக்குப் படிப்பிக்கிற சிஸ்ரர்மாரை நீர்கொழும்புக் கடற்கரை மடத்துக்கு அனுப்பினம் எண்டும், முதல் ஞாயிறு பின்னேரம் கூட ஒரு சிஸ்ரரோட எங்களை வந்து பாக்க மதர் உத்தரவு தந்திருக்கிறா எண்டும் வாசிச்ச உடன அடுப்பில வைச்ச பாலை மறந்துபோனன், பொங்கி வழிஞ்சு போச்சு. நீர்கொழும்பில எங்களுக்குத் தங்க ஒரு வீடு பாக்கச் சொல்லிக் கையோட உன்ர அண்ணன் நிக்கலசுக்கு ஆள் அனுப்பினன். அவன்தான் இப்ப பெண்சாதியோட வெள்ளவத்தைக்குக் குடி போயிட்டானே. வந்தவன், ஏன் அம்மா அவ்வளவு தூரம், கடல் எண்டால் எங்கட வீட்டுக்குப் பின்னாலயே கிடக்கு, பத்தாட்டிக் கல்கிசைக்குப் போவம் எண்டு நக்கலடிச்சான். நான் கடல் பாக்கவோடா போறன் எண்டு கேட்டன். பிறகு தன்னோட கந்தோரில வேலை செய்யிற கூட்டாளி ஒருத்தரின்ர நீர்கொழும்புக் கடற்கரை வீட்டை ரண்டு நாளுக்குக் கேட்டு வாங்கிப்போட்டான். சனி காலமை மருதானை ஸ்ரேசனில கோச்சி ஏறித் திங்கள் வெள்ளன திரும்பிறது எண்டு யோசனை. உன்ர மச்சாள் கடல் குளிப்புக்குப் புது உடுப்புத் தைக்கிறா, ஆடிக் கடல் கொந்தளிக்கும், கால் நனைக்கவும் ஏலாது எண்டு சொன்னாலும் கேக்கிறா இல்லை. அப்பா மடக்குக் கதிரையைத் தேடி எடுத்துத் துணி மாத்தி வைச்சிருக்கிறார். அவையளுக்கு அது உல்லாசப் பயணம். எனக்கு அந்த ஞாயிறு பின்னேரம் மட்டும்தான்.

உண்மையைச் சொல்லுறன் பிள்ளை, இந்த வீட்டில இருக்கேலாமல் கிடக்கு. பென்சன் எடுத்தாப் பிறகு அப்பாவும் பேப்பரும்தான், நான் கதைச்சாலும் ஓம் எண்டுவார், கதைக்காட்டியும் ஓம் எண்டுவார். மேசையில ரண்டு பேர் இருந்து சாப்பிட்டால் மிச்சக் கதிரைதான் கண்ணில படுது, அதால அவருக்குப் போட்டுக் குடுத்திட்டு நான் குசினிக்குள்ள நிண்டபடி திண்டு முடிச்சுப்போடுறன். முன்வீட்டு நாகமணியக்காவின்ர மகள் ஞாயிறு தவறாமல் பாமன்கடையிலயிருந்து வாறா. வந்து தாயின்ர கட்டில்ல படுப்பா, தாயோட சண்டை பிடிப்பா, பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டிட்டுப் போவா. அந்தச் சத்தமெல்லாம் இஞ்ச கேக்கும். நான் யன்னலைச் சாத்திப்போடுவன். பொறாமை பாவம்தான், பாவசங்கீர்த்தனத்திலயும் சொல்லிப்போட்டன், ஆனால் அடுத்த கிழமையும் ஞாயிறு வருகுது.

நீர்கொழும்பு எண்டதும் எனக்கு நண்டுதான் நினைவு. அங்கத்தைய களப்பில சதை பிடிச்ச நண்டாப் பாத்து வாங்கி, முருங்கையிலை போட்டுத் தடிப்பாக் குழம்பு வைக்கலாம். நீ நண்டு திண்டால் முழங்கை மட்டும் குழம்பு வழியும், அப்பாவின்ர சோத்துக் கோப்பையில கிடக்கிற நண்டுக்காலையும் பறிப்பாய். எந்தச் சட்டி, எவ்வளவு தூள் எண்டு எல்லாம் யோசிச்சு முடிச்சுப்போட்டுத்தான் உன்ர கடிதத்தின்ர கடைசி வரியை வடிவா வாசிச்சன். வெளியாருக்கு முன்னால நாங்கள் சாப்பிடக் கூடாது அம்மா, அது சபை ஒழுங்கு, சாப்பாடு ஒண்டும் ஆயத்தப்படுத்த வேண்டாம் எண்டு எழுதியிருந்தாய். ஒழுங்கு எனக்கும் விளங்கும். நீ ஆண்டவருக்கு வார்த்தைப்பாடு குடுத்தனி, அதை மீறு எண்டு நான் சொல்ல மாட்டன். ஆனால் அந்த வெளியார் எண்டதை நான் எத்தினை தரம் வாசிச்சனோ தெரியாது. உனக்குச் சோறு தீத்தின நானும் வெளியாளோ பிள்ளை? அண்டைக்கு அழுதனான். அப்பா பேப்பரை மடிச்சு வைச்சிட்டு, அவளைப் பாக்கத்தானே போறம், அவள் சாப்பிடுறதைப் பாக்கவோ எண்டு கேட்டார். ஓம், அதையும்தான் பாக்க வேணும், அதை அவருக்கு எப்பிடி விளங்கப்படுத்திறது. அந்த வெள்ளை உடுப்புக்குள்ள நீ மெலிஞ்சுபோனியோ எண்டு ஒரு தாய்க்கும் கண்டுபிடிக்கேலாது.

கிடந்து யோசிச்சு ஒரு வழி கண்டிருக்கிறன். இனி எழுதிறது மதருக்கும் சேத்துத்தான். அந்த வீட்டுக்குக் கடல் பக்கமா ஒரு விறாந்தை இருக்காம். அதில மேசை போட்டு, உனக்கும் கூட வாற சிஸ்ரருக்கும் சோறும் நண்டுக் கறியும் மூடி வைப்பன். நாங்கள் நாலு பேரும் மணல்ல இறங்கி, வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கடலைப் பாத்துக்கொண்டு இருப்பம். நீங்கள் கூப்பிடுமட்டும் ஒருத்தரும் திரும்ப மாட்டம், உன்ர மச்சாள் திரும்பப் பாத்தால் நான் அவவின்ர தலையைப் பிடிச்சு வைச்சிருப்பன். தந்த நேரத்தில அரைவாசி அதில போயிடும், உன்ர முகத்தைப் பாக்கிற நேரம் எனக்குக் குறையும். குறையட்டும், நீ சாப்பிடு. மதர், நீங்களும் ஒரு தாயின்ர கையால சாப்பிட்டு வளந்தனீங்கள்தானே, ஓம் எண்டு ஒரு வரி எழுத அவளுக்கு உத்தரவு குடுங்கோ. ஏலாது எண்டால் நான் அடுப்பு மூட்ட மாட்டன், சும்மா இருந்து கதைப்பம்.

ஆண்டவரும் தேவமாதாவும் உன்னைக் காத்துக்கொள்ளட்டும், அப்பாவும் நானும் உன்ர நெத்தியில சிலுவை போட்டு ஆசீர்வதிக்கிறம். இராக் கோச்சியில வரேக்க யன்னலைச் சாத்து, குளிர்காத்து உனக்கு ஒத்துவராது. இன்னொண்டும் சொல்ல வேணும். நீ வார்த்தைப்பாடு குடுத்த அண்டும் நான் மடத்துக்குச் சாப்பாடு கொண்டுவந்தனான், உள்ளுக்க வாங்கிக்கொண்டு போய்க் கோப்பையைப் பளிச்செண்டு கழுவித்தான் திருப்பித் தந்தவை. நீதான் சாப்பிட்டியோ, வேற ஆரும் சாப்பிட்டவையோ எண்டு இண்டைவரைக்கும் எனக்குத் தெரியாது. இந்த முறை கோப்பையைக் கழுவாதை பிள்ளை. நண்டு ஓடெல்லாம் அதுக்குள்ளயே கிடக்கட்டும், நீங்கள் போனாப் பிறகு நான் பாக்க வேணும்.

இப்படிக்கு,
உன்னைப் பெத்த அம்மா
திரேசம்மா