அவள் காரேறிப் போகவில்லை

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
27-7-1969, ஞாயிறு.

அன்பு மகன் சுந்தரத்துக்கு,

அம்மா ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. எனக்கு உடம்பு சுகமாகவே இருக்கிறது. முழங்கால் மட்டும் படியேறும்போது தன்னை ஞாபகப்படுத்துகிறது. பம்பாயில் மழை கொட்டுகிறதாமே, குழந்தையின் சளி விட்டதா? போன கடிதத்தில் சளி என்று எழுதியிருந்தாய். இந்தக் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. நான்கு பக்கமும் என்னைக் கோபித்துக்கொள்ளவே போதவில்லை போலிருக்கிறது.

“கோர்ட்டுக்குப் போகாதே” என்று ஐந்து இடத்தில் எழுதியிருக்கிறாய். எண்ணிப் பார்த்தேன், முப்பத்திரண்டு வருஷம் நோட்டுத் திருத்திய பழக்கம். உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. அரிசி மில் வரதராஜனின் மைத்துனர்தான் உனக்கு மேலதிகாரி. வரதராஜன் சொல்லித்தான் எட்டு வருஷத்துக்கு முன் உனக்கு அங்கே வேலை கிடைத்தது. இப்போது வரதராஜனின் மகன் அர்ஜுனன் கொலைக் கேசில் நிற்கிறான். அவனுக்கு எதிராக உன் அம்மா சாட்சிக் கூண்டில் ஏறினால் உன் கதி என்ன என்று கேட்கிறாய். நியாயமான கேள்வி. பதிலைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேள். பேப்பரில் நீ படித்ததும் உன் மேலதிகாரி உனக்குச் சொன்னதும் வேறு.

தெருக்கோடி மரகதத்தின் மகள் இந்திராணியை உனக்கு நினைவிருக்கும். நீ ஊரை விட்டுப் போகும்போது பதினோரு வயது, இரட்டைப் பின்னல். வளர்ந்து பாவு பிணைக்கிற வேலைக்குப் போனாள். தறியில் நீளவாக்கில் ஓடுகிற பழைய பாவு தீர்ந்ததும் புதுப் பாவின் இழைகளை அதன் நுனியோடு ஒவ்வொன்றாக, விரலில் சாம்பல் தொட்டுத் திரித்துச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழை. இவள் கைபட்டால் ஒன்றுகூட நழுவாது என்று வீடு வீடாகக் கூப்பிடுவார்கள். தாய்க்கும் தம்பிக்கும் அவள் சம்பாத்தியத்தில்தான் சோறு.

கடந்த தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை குமாரவேல் வீட்டில் பிணைத்துக்கொண்டிருந்தாள். மதியம் சாப்பிட வீட்டுக்குப் புறப்பட்டாள். வீடு போய்ச் சேரவில்லை. மூன்றாம் நாள் காலையில் தாமல் ஏரியில் உடல் கிடைத்தது. ஏரிக்கரையில் அர்ஜுனனின் கறுப்புக் காரை முந்தின இரவு பார்த்ததாகச் சொன்னவர் கலியன். அவர் தாமல்காரர், வரதராஜனுக்குத் தூரத்துச் சொந்தம்கூட. சொந்தமாவது ஒன்றாவது என்று நேராகப் போலீசில் சொன்னார். அந்தப் பையன் இரண்டு மாதமாக அவளை வழிமறித்துத் தொல்லை கொடுத்ததும், அவள் செருப்பைக் கழற்றிக் காட்டியதும் தெரு முழுக்கத் தெரியும்.

தெரிந்தும் ஊர் என்ன பேசியது தெரியுமா? குழாயடியில் பேச்சு, டீக்கடையில் பேச்சு, கோயில் பிராகாரத்தில் உட்கார்ந்துகொண்டுகூட இதே பேச்சு. போன வாரம் நிலாவில் மனிதன் இறங்கினான் அல்லவா, அதை இரண்டு நாள் பேசினார்கள். மூன்றாம் நாள் மறுபடி இந்திராணிதான். “பட்டப்பகல்ல ஒரு பொண்ணைத் தூக்கிக்கினு போக முடியுமா? அவளாத்தான் ஏறியிருப்பா” என்று ஒருத்தி. “கார் ஆசைம்மா, கார் ஆசை” என்று இன்னொருத்தி. அவளுக்கு மூன்று பெண்கள்.

மாசிக் கடைசியிலேயே பாட்டும் வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில் டேப்பு மேளம் அடித்துக்கொண்டு கொலைச் சிந்து விற்கிறவன் வந்தான். பத்துப் பைசா புத்தகம். அட்டையில் ஒரு கார், பக்கத்தில் சிரிக்கிற பெண். ‘காதலன் காரேறிக் கண்மூடிப் போன இந்திராணி’ என்று தலைப்பு. ஒன்று வாங்கிப் படித்தேன். பிறகு அவன் பக்கத்திலேயே போய் நின்றேன். “ஏறினாளே, காரில் ஏறினாளே” என்று அவன் இழுத்தபோதெல்லாம், வகுப்பில் பேசுகிற குரலில், “ஏறவில்லை, தூக்கிப் போனார்கள்” என்றேன். மூன்று சாயங்காலம் போனேன்.

“டீச்சர் ரிட்டையர் ஆயியும் பாடம் எடுக்கறதை வுடலபா” என்று ஒருவர் சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். பாட்டுக்காரன்தான் பாவம், கையெடுத்துக் கும்பிட்டான். “யாவாரத்தைக் கெடுக்காதீங்கம்மா. நான் என்னா கண்டேன்? அச்சாபீசுல குடுத்தாங்க, பாடுறேன். லவ்வு இருந்தாத்தான் புக்கு போவுது.” நான் சொன்னேன், “நீ பார்க்காததை நீ பாடுகிறாய். நானும் பார்க்கவில்லை அப்பா. ஆனால் அவளை எனக்குத் தெரியும், அதைச் சொல்கிறேன்.” நாலாம் நாள் அவன் வரவில்லை. வாலாஜாபாத் சந்தைக்குப் போய்விட்டான் என்றார்கள். அங்கே போய் என்ன பாடுகிறானோ.

நான் பஸ் ஸ்டாண்டில் நின்ற சேதிதான் உன் மேலதிகாரி வரைக்கும் போயிருக்கிறது. அதற்கு முன் வரதராஜனே வீட்டுக்கு வந்தார். தாம்பாளத்தில் பழம், பூ. “டீச்சரம்மா, உங்க புள்ளை நல்லா இருக்கணும்னுதான் நானும் நெனைக்கிறேன். உங்களை யாரும் கூப்பிடலையே, நீங்களா எதுக்கு வந்து மாட்டிக்கிறீங்க?” என்றார். குரல் நயமாகத்தான் இருந்தது. வயதான மனுஷர், கண் கலங்கியிருந்தது, பெற்ற பிள்ளை அல்லவா. காப்பி கொடுத்தேன். தாம்பாளத்தை அப்படியே திருப்பிக் கொடுத்தேன்.

சுந்தரம், இனி எழுதப்போவது உனக்குத் தெரியாதது. உன் கடிதத்தில் ஒரு இடத்தில், “பெற்ற தாயே முதல் நாள் ‘அத்தை வீட்டுக்குப் போயிருக்கிறாள்’ என்று எல்லோரிடமும் சொன்னாளாம். மகள் ஓடிப்போனது தெரிந்துதானே மறைத்தாள்? இதில் நீ என்ன சொல்வதற்கு இருக்கிறது?” என்று கேட்டிருக்கிறாய். எதிர்க்கட்சி வக்கீலும் கோர்ட்டில் இதையே பிடித்துக்கொண்டு தொங்கப்போகிறாராம்.

அந்த வார்த்தை மரகதத்தின் வார்த்தை இல்லை. என்னுடையது.

செவ்வாய்க்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் மரகதம் தலைவிரிகோலமாக என்னிடம்தான் ஓடிவந்தாள். “டீச்சர், மத்தியானம் சோத்துக்கு வரேன்னு போன பொண்ணு இன்னும் காணலை. போலீசுக்கு ஓடட்டுமா?” என்றாள். நான் அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். நிதானமானவள் என்று பேர் வாங்கியவள் அல்லவா நான், நிதானமாக யோசித்தேன். இந்திராணிக்கு ஆரணியில் மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு ராத்திரி வீட்டுக்கு வராத பெண் என்று பேர் விழுந்தால் அவ்வளவுதான். “கத்தாதே மரகதம். கேட்கிறவர்களிடம் அத்தை வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொல். இரண்டு நாள் பார்ப்போம்” என்றேன். நம் தெருவில் எந்த வீட்டிலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். என் அம்மா இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பாள்.

புதன்கிழமை இரவு வரை இந்திராணி உயிரோடு இருந்திருக்கிறாள் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். பேரைக் காப்பாற்றப் பார்த்தோம். அந்த இரண்டு நாளில் ஆளைக் காப்பாற்றியிருக்கலாம்.

போலீஸ் கேட்டபோது மரகதம் என் பேரைச் சொல்லவேயில்லை. “நானேதான் சொன்னேன் சாமி” என்று தன் தலையில் போட்டுக்கொண்டாள். நானும் ஆறு வாரம் சும்மா இருந்தேன். வெட்கத்தில்தான் இருந்தேன், வேறென்ன. பாட்டுக்காரனைத் திருத்திய மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்து, என் சொந்தத் தப்பைத் திருத்தாமல் அடுத்தவன் தப்பை எந்த வாயால் சொல்கிறேன் என்று என்னையே கேட்டேன். மறுநாள் காலை இன்ஸ்பெக்டரிடம் போய் எழுதிக் கொடுத்தேன். சம்மன் வந்துவிட்டது. ஆகஸ்ட் ஏழாம் தேதி, செங்கற்பட்டு செஷன்ஸ் கோர்ட்டு.

உன் கேள்விக்குப் பதில்: போவேன். உன் வேலைக்கு ஆபத்து வந்தால் அது என்னால் வந்தது என்று தாராளமாகச் சொல்லிக்கொள். மருமகளிடம் இந்தக் கடிதத்தைப் படிக்கக் கொடு.

அன்புடன்,
அம்மா
தில்லையம்மாள்


காஞ்சிபுரம்,
9-8-1969, சனி.

அன்பு மகன் சுந்தரத்துக்கு,

உன் தந்தி புதன்கிழமை வந்தது. “போகாதே” என்ற ஒரே வார்த்தை. தந்தி என்றதும் குழந்தைக்குத்தான் ஏதோ என்று பயந்துவிட்டேன். படித்ததும் நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் எழுந்து குளித்துவிட்டு முதல் பஸ் ஏறினேன்.

மரகதம் வந்தாள். தெருவில் இன்னும் ஆறு பெண்கள் சொல்லாமலே வந்து பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார்கள். கார் ஆசை என்று பேசினாளே, அவளும் இருந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. “சும்மா பாக்கலாம்னுதான் டீச்சர்” என்று அவளாகவே சொன்னாள்.

குமாரவேலை முதலில் கூப்பிட்டார்கள். அவருக்குப் பட்டுநூல் கொடுக்கிற கடைக்காரர் வரதராஜனின் பங்காளி. அதனால் மனுஷர் எதைக் கேட்டாலும் “ஞாபகமில்லை சாமி, ஞாபகமில்லை சாமி” என்றுகொண்டே இருந்தார். எதிர்க்கட்சி வக்கீலும் தெம்பாகிவிட்டார். “ஆக, அந்தப் பெண் வேலையை முடித்துவிட்டு, திரும்பி வருகிற எண்ணமில்லாமல்தான் உங்கள் வீட்டை விட்டுப் போனாள். சரிதானே?” என்றார். ஆமாம் என்றால் முடிந்தது.

குமாரவேல் நிமிர்ந்து பார்த்தார். தறிக்காரரிடம் போய்த் தறி வேலையைத் தப்பாகச் சொன்னால் பொறுப்பாரா? “முடிச்சிட்டா? எங்க முடிச்சா? பாதிகூட ஆவலை சாமி” என்றார். வக்கீல் கையை ஆட்டி நிறுத்தப் பார்த்தார். இவர் நிறுத்தவில்லை. “அன்னிக்கு வேலை போதும்னா பாவு மேல துணி போத்திட்டுத்தான் போவா. இல்லாட்டி எலி இழையைக் கடிச்சிடும். அவ போத்தலை. மீதி இழையை லேசா முடிஞ்சி தொங்க வுட்டுட்டுப் போச்சி அந்தப் பொண்ணு. அப்படின்னா சோறு துன்னுட்டு வர்றதுன்னு அர்த்தம். வேலை போதும்னு கெளம்புறப்ப என் தறியில அவ ஒருநாளும் போத்தாம போனதில்ல. இதைக்கூடத் தெரியாம நான் என்னா நெசவு பண்றேன்?” சொல்லி முடித்த பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. முகமெல்லாம் வேர்த்துவிட்டது. ஆனால் சொன்னதை மாற்றவில்லை. ஜட்ஜ் தானே கேட்டு எழுதிக்கொண்டார்.

பிறகு நான். நடந்ததைச் சொன்னேன். வக்கீல் சிரித்துக்கொண்டே வந்தார். “பிள்ளைகளுக்கு உண்மை பேசக் கற்றுக்கொடுக்கிற உத்தியோகம் பார்த்தீர்கள். ஒரு தாய்க்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்திருக்கிறீர்கள். இப்போது சொல்வதை நாங்கள் எப்படி நம்புவது?” பின்னால் சிரிப்பு.

நான் சொன்னேன், “கணக்கில் தப்புப் போட்ட பிள்ளையை ரப்பரால் அழிக்க விடமாட்டேன் ஐயா. குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டுப் பக்கத்தில் சரியானதை எழுதச் சொல்வேன். தப்பும் தெரிய வேண்டும், திருத்தியதும் தெரிய வேண்டும். இன்றைக்கு அதைத்தான் செய்கிறேன்.”

அவர் விடவில்லை. “அந்தப் பெண் அப்படிப்பட்டவள் என்று உங்கள் மனதில் இருந்ததால்தானே மறைக்கச் சொன்னீர்கள்?” என்றார்.

சுந்தரம், அந்தக் கேள்வி என் நெஞ்சில் இறங்கியது. ஆறு மாதமாக நானே எனக்குள் கேட்டுக்கொண்டிருந்தது அது. கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டேன். “அவள் எப்படிப்பட்டவள் என்று எனக்குத் தெரியும். ஊர் எப்படிப்பட்டது என்றும் தெரியும். ஊருக்குப் பயந்து சொன்னேன். அந்தப் பயம்தான் அவளைக் கொன்றவனுக்கு இரண்டு நாள் கொடுத்தது. இனி எனக்கு அது இல்லை” என்றேன். அர்ஜுனன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வரதராஜன் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

தீர்ப்பு அடுத்த மாதம் என்கிறார்கள். என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. கலியன் கடைசிவரை நிற்பாரா, தெரியாது. குமாரவேலுக்கு நேற்று நூல் வரவில்லை. வேறு கடையில் கேட்டுக்கொண்டு அலைகிறார், என்னைக் கண்டால் கோபமாக ஒரு கும்பிடு போடுகிறார். என் வீட்டு வாசலில் நேற்று யாரோ ஒரு செருப்பை எறிந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒற்றைச் செருப்பு. ஜோடியாக எறிந்திருந்தால் யாருக்காவது உதவியிருக்கும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மரகதம் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். வாலாஜாபாத் தாண்டியதும், “ஏன் டீச்சர் சொன்னீங்க? நான் எங்கியாவது வாயைத் தொறந்தேனா?” என்றாள். “அதனால்தான் சொன்னேன்” என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்சம் கழித்து, என்னைப் பார்க்காமலே, “அன்னிக்கே கத்தியிருக்கணும் டீச்சர். நீங்களும் நானும் தெருவுல நின்னுக்கினு கத்தியிருக்கணும்” என்றாள். என்னை மன்னித்துவிட்டாள் என்று எழுத மாட்டேன். அவள் அப்படிச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

உன் மேலதிகாரி என்ன சொன்னார் என்று மறைக்காமல் எழுது. வேலையை விட்டுப் போகச் சொன்னால் மூன்று பேரும் புறப்பட்டு வாருங்கள். என் பென்ஷன் இருக்கிறது, உன் கையில் தொழில் இருக்கிறது. என்மேல் கோபமாக இருந்தால் கோபத்தோடேயே வா.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உன் மகள் வளர்வாள். பள்ளிக்கூடம் போவாள், கடைக்குப் போவாள், வேலைக்கும் போவாள். ஒரு நாள், வரவேண்டிய நேரத்துக்கு அவள் வரவில்லை என்றால், யார் கேட்டாலும் அத்தை வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று மட்டும் சொல்லிவிடாதே. கதவைத் திறந்து தெருவில் இறங்கு. அவள் பேரைச் சொல்லி, ஊர் முழுக்கக் கேட்கும்படி கூப்பிடு. யார் என்ன பேசினாலும் நிறுத்தாதே, அவள் குரல் கேட்கிறவரை கூப்பிடு.

குழந்தை நீண்ட ஆயுளோடு இருக்கட்டும்.

அம்மா