பதினொரு பொன்னாடைகள், ஒரு நூறு மீற்றர்

ஜூலை 17, வியாழன்
புழுக்கம். சங்க விளையாட்டுப் போட்டிக்கு மைதான அனுமதி வந்தது: சனி, ஐந்து மணி வரை.

சங்கத் தலைவர் சிவம் அண்ணை கர்க்லாண்ட் வீட்டிலிருந்து போன்: "பிரதம விருந்தினர் கிடைச்சிட்டா. பசிபிக் தீவுக்காரி. ஒலிம்பிக்கிலை ஓடினவ, பேந்து அமைச்சர், இப்ப அங்கத்தைய விளையாட்டுச் சபைத் தலைவி. இங்கை ஏதோ கூட்டத்துக்கு வந்து நிக்கிறா."

ஒலிம்பிக்கில் எத்தனையாம் இடம்?

"கடைசி. மேடையிலை சொல்லிப்போடாதை."

செயலாளர் (நான்) வாங்க வேண்டியவை: சுண்ணாம்பு, விசில், மோர், பொன்னாடை பதினொன்று. போர்த்துவதற்குத் தலைவருக்குப் பதினொரு நண்பர்கள்.

ஜூலை 18, வெள்ளி
வெயில். வாசுகி அக்கா வந்தார். ஐம்பத்திரண்டு வயது, சென்ட் லோரன்ட் மருந்துத் தொழிற்சாலையில் பொதி கட்டுகிறார். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களின் நூறு மீற்றருக்காகப் பனி கரைந்ததிலிருந்து பயிற்சி. இரண்டு வருடமாக உரைகள் நீண்டு, அந்த ஓட்டம் மட்டும் கைவிடப்பட்டது.

"இந்த முறையாவது நடக்குமோ தம்பி?"

"ஓம் அக்கா. சத்தியம்."

எந்த நம்பிக்கையில் சொன்னேனோ.

ஜூலை 19, சனி
முதல் பொன்னாடை 3.20க்கு. போர்த்திய ஒவ்வொருவரும் பேசினார்கள். எட்டாவதுக்குப் பிறகு விருந்தினரின் கண்கள் மட்டும் தெரிந்தன. ஓடியவர்தானே, இரண்டு வரியில் முடிப்பார் என்றிருந்தேன். அமைச்சராகவும் இருந்தவர் என்பது மறந்துவிட்டது. முப்பத்தைந்து நிமிடம். மீன்பிடி உரிமை வரை போனார்.

4.50. நகரசபை ஆள் சாவிக்கொத்தோடு வாசலில். சிவம் அண்ணை காதுக்குள்: "கிழவியளின்ரை ஓட்டத்தை விடு. படம் எடுக்கவேணும்."

வாசுகி அக்கா தொடக்கக் கோட்டில் நின்று, கட்டிய சப்பாத்து நாடாவையே திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார்.

நேரே விருந்தினரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். எத்தனை வயதுக்காரர் என்று கேட்டார். ஐம்பதுக்கு மேல். "எனக்கு ஐம்பத்து நாலு" என்றார். பொன்னாடைகளைக் கழற்றிச் சிவம் அண்ணையின் கைகளில் குவித்தார். செருப்பையும் கழற்றினார்.

4.56. நாலு பேர் ஓடினார்கள். வாசுகி அக்கா முதல். விருந்தினர் கடைசி.

ஜூலை 20, ஞாயிறு
மழை. சிவம் அண்ணை: "பிரதம விருந்தினரைக் கடைசியா வர விட்டிட்டியே! அறிக்கையிலை என்னெண்டு எழுதுறது?"

நாலாம் இடம் என்று எழுதச் சொன்னேன்.

மத்தியானம் வாசுகி அக்கா போன். "கால் தூக்கேலாமல் கிடக்கு தம்பி. ஒண்டு கேக்கோணும். அவ வேணுமெண்டு விட்டுத்தந்தவவோ?"

"இல்லை அக்கா. முடிவுக் கோட்டிலை நிண்டனான். மூச்சு வாங்க வாங்க, பல்லைக் கடிச்சுக்கொண்டுதான் வந்தவ."



"அப்ப சரி."