காபூல் கான் விழுந்த சனிக்கிழமை

புவனகிரி,
17-8-1969

அன்பும் மரியாதையும் நிறைந்த கலியமூர்த்தி அண்ணன் அவர்களுக்கு, தங்கை ரஹ்மத் பீவி ஸலாம் சொல்லி எழுதுவது.

சிங்கப்பூரில் நீங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க அல்லாஹ் துணை நிற்கட்டும். நாங்களும் அப்படியே இருக்கிறோம் என்று அடுத்த வரியில் எழுத வேண்டும். இந்தத் தடவை அதை எழுத முடியவில்லை.

இதுவரை உங்களுக்கு வந்த கடிதங்களை என் வீட்டுக்காரரான உங்கள் சிநேகிதர் சொல்வார், நான் எழுதுவேன். இதை நானாக எழுதுகிறேன். அவருக்குத் தெரியாது. கூடத்தில் மாமி அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கிறார்கள். நான் அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சேத்தியாத்தோப்பு அணைக்கட்டில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். உங்கள் கீரப்பாளையம் பக்கமெல்லாம் சம்பாவுக்கு நாற்று விட்டிருக்கிறார்கள். உங்கள் தங்கை மலர்க்கொடியைப் பார்த்தேன். அதைப் பிறகு எழுதுகிறேன்.

முதலில் அவர் உடம்பு விஷயம். படுத்தே கிடப்பதால் முதுகில் புண் வந்திருக்கிறது என்று பொங்கலுக்கு முன்னால் எழுதியிருந்தோம். அது ஆறவில்லை. புரட்டிப் படுக்க வைக்கிறோம், பவுடர் போடுகிறோம், வேப்பிலைத் தண்ணீரில் கழுவுகிறோம். ஓரிடம் காய்ந்தால் இன்னோரிடத்தில் வருகிறது. போன மாதம் காய்ச்சல் கண்டு, என் தம்பி அப்துல் மஜீத் ஒரு வாடகைக் கார் பிடித்துக் கடலூருக்குக் கொண்டு போனான். அங்கே ஒரு டாக்டர் பார்த்தார். ஊசி போட்டார். பிறகு மஜீதைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிடுங்க. என்ன ஆசப்படறாரோ அதக் குடுங்க" என்று சொல்லியிருக்கிறார். மஜீது என்னிடம் வந்து, டாக்டர் நல்லா சாப்பிடச் சொன்னாரு அக்கா என்றான். அவன் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

காரில் திரும்பும்போது உங்கள் சிநேகிதர் என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தார். வழியெல்லாம் உங்களைப் பற்றித்தான் பேச்சு. ரெண்டு பேரும் துறைமுகத்தில் மூட்டை தூக்கியது, குஸ்தி பார்க்கப் போன இடத்தில் உங்கள் உடம்பைப் பார்த்து ஒருவர் மேடையேறக் கூப்பிட்டது, இரண்டு பேரையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும் என்று நீங்கள் பிடிவாதமாக நின்றது. தாடி இருந்ததால் இவருக்குக் காபூல் கான் என்று பெயர் வைத்துப் பட்டாணியனாக்கிவிட்டார்கள், உங்களை மெட்ராஸ் சிங்கமாக்கிவிட்டார்கள் என்று சொல்லிச் சிரித்தார். "மேடையில நான் தமிழ் பேசக் கூடாது. ஆனா என் கழுத்தப் புடிச்சி நெறிக்கிற மாதிரி நிக்கும்போதே, ஊருல மழையாமே மாப்ள, லெட்டர் வந்துதான்னு காதுல கேப்பான். எனக்குச் சிரிப்பு வந்துரும். பல்லக் கடிச்சிக்குவேன். அதப் பாத்து ஜனம் நான் கோவத்துல உறுமறேன்னு நெனைக்கும்" என்றார். கார் ஓட்டியவரும் சிரித்தார். அதற்கப்புறம் உங்கள் சிநேகிதர் சிரித்து நான் பார்க்கவில்லை.

அண்ணன், அந்தச் சனிக்கிழமை குஸ்தி மேடையில் நடந்ததைச் சிங்கப்பூரில் ஆயிரக்கணக்கான பேர் பார்த்தார்கள். டெலிவிஷனில் பார்த்தார்கள். காபிக் கடையில் பார்த்தார்கள். அவருடைய பெண்டாட்டி நான் பார்க்கவில்லை. எங்கள் ஊரில் டெலிவிஷன் என்றால் என்னவென்றே யாருக்கும் தெரியாது. கப்பலில் கொண்டு வந்து நாகப்பட்டினத்தில் இறக்கியபோது, நடந்து போன மனுஷனைத் தூக்கி வந்து என்னிடம் கொடுத்தார்கள். அவ்வளவுதான் நான் பார்த்தது.

வந்த புதிதில் அவரைப் பார்க்க வீடு நிறைய ஆட்கள் வருவார்கள். அவரும் அலுக்காமல் சொல்வார். டிரங்குப் பெட்டி மாதிரி ஒரு பெட்டி, முன்பக்கம் கண்ணாடி, அதற்குள் மனுஷன் நடப்பான், சண்டை போடுவான் என்று சொல்ல, எல்லாரும் வாயைப் பிளந்து கேட்பார்கள். கடைசியில் யாராவது, எப்படி அடிபட்டது என்று கேட்பார்கள். "கலியமூர்த்தி தூக்கிப் போட்டான். ஒரு தடவதான். வேர்வையில நான் வழுக்கிட்டேன். தோள்ல விழ வேண்டியவன் கழுத்துல விழுந்துட்டேன். அவன் மேல தப்பு ஒண்ணுமில்ல" என்பார். யார் கேட்டாலும் இதே பதில்தான்.

பிறகு சிங்கப்பூருக்குச் சபர் போய் வந்த ஒருவர் கடைத்தெருவில், அந்தக் குஸ்தியெல்லாம் முன்னாலேயே பேசி வைத்துக்கொண்டு போடுவது, யார் ஜெயிப்பது என்று முதல் நாளே முடிவாகிவிடும் என்று சொல்லிவிட்டார். அதோடு ஆட்கள் வருவது குறைந்தது. வந்தவர்களும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். நாடகத்தில் எப்படியப்பா அடிபடும் என்று ஒருவர் அவர் காதுபடவே கேட்டார். கேட்டவர் போன பிறகு உங்கள் சிநேகிதர் என்னிடம், "பொய்ச் சண்டதான் ரஹ்மத்து. ஆனா விழறது நெசமாத்தானே விழணும்" என்றார்.

இனி எழுதப்போவதை எழுதலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன்.

மஜீது அப்போது சிங்கப்பூரில்தான் இருந்தான், உங்களுக்குத் தெரியும். அவன் அதைச் சமூக நிலையத்தில் டெலிவிஷனில் பார்த்திருக்கிறான். ஊருக்கு வந்த பிறகும் என்னிடம் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. கடலூரிலிருந்து திரும்பிய மறுநாள் கொல்லையில் உட்கார்ந்து சொன்னான். "மச்சான் ஒரு தடவன்னு சொல்றாரு. அது இல்லக்கா. ரெண்டு தடவ. முதல் தடவ தூக்கிப் போட்டப்பவே கோணலா விழுந்தாரு. எழுந்திரிக்கல. அப்ப டெலிவிஷன்ல மச்சான் மூஞ்சியக் கிட்டக்க காட்டுனான். வாய் அசைஞ்சிது. என்னமோ சொன்னாரு. அதுக்குள்ள கலியமூர்த்தி அண்ணன் மறுபடியும் தூக்கிட்டாங்க. போட்டாங்க. மேல படுத்தாங்க. நடுவரு மூணு எண்ணுனாரு. ஜனமெல்லாம் கை தட்டுச்சு. நானும் தட்டிட்டேன் அக்கா. படுக்கையில வெச்சித் தூக்கிட்டுப் போறப்பகூட நடிப்புன்னு நெனைச்சி ஊளை விட்டாங்க." சொல்லிவிட்டு அப்படியே குனிந்து உட்கார்ந்துவிட்டான். அவன் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

அன்றைக்கே உங்கள் சிநேகிதரிடம் கேட்டுவிட வேண்டும் போலிருந்தது. கேட்கவில்லை. ஆனால் காய்ச்சல் அதிகமான ஒரு மத்தியானம், நான் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தபோது, அவரே சொன்னார். கண் மூடியிருந்தது. "கலியா, காலு தெரியலடா. இன்னொரு தடவ வேணாம்டா." மறுபடியும் மறுபடியும் அதையே சொன்னார்.

காய்ச்சல் விட்ட பிறகு, இப்படிச் சொன்னீர்களே என்று கேட்டேன். இரண்டு தடவை தூக்குவதாகத்தான் பேச்சாம். டெலிவிஷனில் காட்டுகிறார்கள், வழக்கத்தைவிட உயரமாகத் தூக்குங்கள் என்று ஏற்பாடு செய்தவர்கள் சொன்னார்களாம். இவரும் சரி என்றாராம். "அவனுக்குக் காது கேட்டிருக்காது. அவ்ளோ சத்தம்" என்றார். பிறகு, "கேட்டிருந்தா போடுவானா ரஹ்மத்து?" என்றார். போடமாட்டார் என்றேன். சற்று நேரம் கழித்து மறுபடியும், "கேட்டிருந்தா போடுவானா?" என்று கேட்டார்.

அண்ணன், அன்றிலிருந்து தினமும் ஒரு தடவையாவது அதைக் கேட்கிறார். நான் சொல்லும் பதில் அவருக்குப் போதவில்லை. நான் அங்கே இருந்தவள் இல்லையே.

இப்போது மலர்க்கொடி விஷயம். மருந்து வாங்கச் சிதம்பரம் போய்த் திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. என்னைக் கண்டதும் எழுந்து வேறு இடம் பார்த்தது. இடம் இல்லை. அண்ணன் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன். முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே பேசியது. "அண்ணன் பொங்கலுக்கு வந்துச்சி அக்கா. ரெண்டு வாரம் இருந்துச்சி. ஒருநாள் கெளம்பி உங்க வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போச்சி. புவனகிரி பாலத்துலயே ரொம்ப நேரம் நின்னுட்டுத் திரும்பி வந்துட்டுது. சாப்புடல. குஸ்திய உட்டுட்டுதாம். மறுபடியும் மூட்டதான் தூக்குதாம்" என்றது. கீரப்பாளையத்தில் இறங்கும்போது என் கையைப் பிடித்து, "எதுவும் நெனைச்சிக்காதீங்க அக்கா" என்றது.

நீங்கள் ஊருக்கு வந்து போனதை உங்கள் சிநேகிதரிடம் நான் சொல்லவில்லை. அவர் இன்னும், "அவனுக்கு லீவு கெடச்சா வராம இருப்பானா" என்று மாமியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

எனக்கு உங்கள் மேல் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். இருக்கிறது. பஸ்ஸில் அன்று அதிகமாகவே இருந்தது. இத்தனை வருஷமும் அவர் உடம்பை நான் தினமும் கழுவித் துடைத்துப் புரட்டிப் போடுகிறேன். மலையைத் தூக்கும் உடம்பு என்று கல்யாணத்தின்போது சொன்னார்கள். இப்போது நான் ஒருத்தியே தூக்கிவிடுகிறேன். அந்த நேரங்களில் உங்களை நினைக்காமல் இருக்க எனக்குத் தெரியவில்லை. ஆனால் பாலம் வரை வந்து நின்றீர்கள் என்பதையும் நினைத்துக்கொள்கிறேன். நல்லாயிருக்கிற மனுஷன் அங்கே அவ்வளவு நேரம் நிற்கமாட்டான்.

அதனால் உங்களைக் கேட்கிறேன். அந்தச் சத்தத்தில் அவர் சொன்னது உங்கள் காதில் விழுந்ததா, விழவில்லையா என்று எனக்கு எழுத வேண்டாம். எனக்கு அது தெரிய வேண்டாம். தெரிந்து நான் எதைச் செய்யப்போகிறேன். ஆனால் நீங்கள் வந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்கவில்லை என்று சொல்ல வேண்டும். அவர் கேட்கும் முன்னால் நீங்களே சொல்ல வேண்டும். உங்கள் வாயால் சொன்னால் அவர் நம்புவார். ஊரில் எல்லாரிடமும் ஒரு தடவைதான் என்று சொல்லி உங்களைக் காத்த மனுஷன் அவர். அவருக்காக இந்த ஒன்றைச் செய்யுங்கள்.

உங்களைக் கண்டால் அவர் பழைய கதை பேசுவார். பேச விடுங்கள். குரல் இப்போது சன்னமாகிவிட்டது, குனிந்து கேட்க வேண்டியிருக்கும். அவர் முன்னால் அழுதுவிடாதீர்கள். அழ வேண்டுமென்றால் கொல்லைப்பக்கம் வாருங்கள், அங்கே யாரும் வரமாட்டார்கள்.

லீவு கேட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டாம். இந்தக் கடிதம் கிடைத்ததும் புறப்படும் முதல் கப்பலில் இடம் பாருங்கள். நாகப்பட்டினத்தில் இறங்கியதும் வழியில் கீரப்பாளையத்தில் உங்கள் வீட்டுக்குப் போகாமல் நேரே இங்கே வாருங்கள். வழியில் எங்கள் ஊர்க்காரர்கள் யாரைப் பார்த்தாலும் அவரைப் பற்றி விசாரிக்க வேண்டாம். அவர்கள் ஏதாவது சொன்னாலும் அதைக் கேட்டுப் பாதி வழியில் திரும்பிவிடாதீர்கள். என்ன செய்தியானாலும் அதை நான்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். நீங்கள் அவரிடம் சொல்ல வந்ததையும், அப்போது அவரிடம் சொல்ல முடியாவிட்டால், என்னிடம் சொல்லிவிட்டுப் போங்கள். நான் கேட்டுக்கொள்கிறேன்.

கடல் அமைதியாக இருந்து உங்களைப் பத்திரமாகக் கொண்டு வந்து சேர்க்க அல்லாஹ்வை வேண்டும்,

தங்கை
ரஹ்மத் பீவி