வேலு பார்த்துக்கொண்டிருந்த சுவர்

என் அருமை வேலு,

உன் அம்மா வந்துபோய் நாலு நாளாகிறது. திருநெல்வேலியிலிருந்து ரெண்டு நாள் ரயிலில் தில்லிக்கு வந்து, நம் முனிர்கா அறையில் உன் கட்டிலில்தான் படுத்திருந்தார். கேட்டது ஒன்றே ஒன்று: "தம்பி, எம்புள்ள போட்டோ ஒண்ணு இருந்தா குடுய்யா. மாலை போடணும்."

உன் புத்தகங்களுக்குள் துழாவினேன். நீதான் கேமராவைக் கண்டாலே ஓடுகிறவன் ஆயிற்றே! நூலக அட்டையில் இருந்த படத்திலும் பாதி முகம் முத்திரை மைக்குள்.

எல்லாம் நீ ஆராய்ச்சி செய்த நியோபிளேட்டோனிசம் என்ற பழைய கிரேக்கத் தத்துவம் படுத்திய பாடு. அதன் முதல் குரு தன்னை ஓவியம் வரைய விடவில்லையாம். உடம்பே நிழல், நிழலுக்கு எதற்கு இன்னொரு நிழல் என்றாராம். "ஊர்ல இல்லாத சாமியையாடா கிரேக்கத்துல தேடுற?" என்று கிண்டல் செய்வேன். "எல்லாம் ஒண்ணுல இருந்துதான் பொங்கி வழியுது அண்ணே. எவ்வளவு பொங்கினாலும் அது குறையாது" என்பாய். எனக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. ஆனாலும் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

சீடர் ஒருவர் அந்தக் குருவுக்குத் தெரியாமல் ஓவியரைக் கூட்டிவந்து வரைய வைத்த கதையையும் நீயே சொன்னாய். சொல்லியிருக்கக் கூடாது. ஹோலிக்கு மறுநாள் ஆபீஸ் நண்பரின் கேமராவை இரவல் வாங்கி, மொட்டைமாடியில் நின்ற உன்னைப் படிக்கட்டிலிருந்து எடுத்துவிட்டேன். மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோகும் என்று அப்போது யார் கண்டது?

படம் என் பெட்டியில் இருந்தது. கொடுத்தால் உனக்குத் துரோகம். கொடுக்காவிட்டால் பெற்றவளுக்கு என்ன பதில்? கொடுத்துவிட்டேன் வேலு. கோபமா?

அம்மா அதை ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். அழவில்லை. "யாரை இப்படிப் பாத்துக்கிட்டு நிக்கான்?" என்றார். அப்போதுதான் நானும் கவனித்தேன். உன் வாய் லேசாகத் திறந்திருக்கிறது. கண் படத்துக்கு வெளியே எங்கோ நிற்கிறது.

அம்மாவை மாடிக்குக் கூட்டிப்போனேன். நீ பார்த்த பக்கம் தண்ணீர்த் தொட்டியின் காரை பெயர்ந்த சுவர்தான் இருந்தது. அம்மா அதன் முன்னால் கைகூப்பி நின்றார்.

"மாலை வேண்டாம்யா. அவன் பாக்கட்டும், நாம மறைக்கக் கூடாது" என்று படத்தை முந்தானையில் முடிந்துகொண்டார்.

நெகடிவை எரித்துவிட்டேன். இனி உனக்கு இன்னொரு நிழல் கிடையாது. ஆனால் ஆபீஸ் விட்டு வந்ததும் தினமும் நீ நின்ற இடத்தில் போய் நிற்கிறேன். இன்றுவரை சுவர் சுவராகத்தான் இருக்கிறது. விடமாட்டேன், நாளைக்கும் நிற்பேன்.

கூடப் பிறக்காத உன் அண்ணன்,
சுந்தரம்