ஏழு தட்டு ஆரஞ்சுத் தோல்

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. முட்டிவலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை, நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அங்கே சௌக்கியமாக இருக்க வேண்டும். உன் அண்ணன் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறான், நிறம் கண்ணைக் குத்துகிறது, சொன்னால் கேட்டால்தானே.

உன் பேட்டி வந்திருக்கிறதென்று நீ அனுப்பிய பத்திரிகையை மாடி வீட்டு டீச்சர் வாசித்துக் காட்டினாள். நாம் தூக்கிப் போடுகிற பழத்தோலில் ரத்தக் குழாய்க்கு நல்லது செய்கிற சத்து இருக்கிறது, ஆரஞ்சில் சுளையைவிடத் தோலில்தான் அது அதிகம் என்று நீ சொல்லியிருந்ததைக் கேட்டு எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த வரியிலேயே, ஆராய்ச்சிக்காக முதல் தடவை நீ காயவைத்த தோலை வேலைக்காரப் பெண் கொட்டிவிட்டதால் படிப்பில் ஒரு வருஷம் போனது என்று போட்டிருந்தது. அதற்கப்புறம் எனக்குக் காபி இறங்கவில்லை.

கொட்டியது நம் வீட்டைப் பெருக்கித் துடைத்த சிட்டு இல்லையம்மா, நான். பதினாறு வருஷம் ஆகிறது, அன்று செவ்வாய்க்கிழமை. பின்னறையில் ஏழு தட்டு, ஒவ்வொன்றிலும் நீ தேதி எழுதிவைத்த சீட்டு. உன் அத்தை வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தாள். முந்தின மாதம் வந்தபோது மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்ன அண்ணி, குப்பையக்கூடக் காயவெச்சுத் திங்கிறீங்களா?" என்று கேட்டவள். அதை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். அந்த வாய்க்குப் பயந்து ஏழு தட்டுத் தோலையும் வாரிக் குப்பைத் தொட்டியில் போட்டேன், தோல்தானே, திரும்ப உரித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சாயங்காலம் நீ சிட்டுவிடம் கத்தினாய். அவள் பிள்ளைமேல் சத்தியம் செய்தாள். "பொய்க்காரி, இனிமே இந்த வாசப்படிய மிதிக்காதே" என்றாய். நான் அடுப்படியில் கழுவின கரண்டியையே கழுவிக்கொண்டு நின்றேன்.

போன வாரம் அவளைத் தேடிப் போனேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஜூஸ் கடையில் பழம் நறுக்குகிறாள், தலை பாதி நரைத்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். கத்தியைக் கீழே வைக்கவேயில்லை. "எனக்கு அன்னைக்கே தெரியும்மா, உங்க முந்தானையில ஆரஞ்சு வாசம் அடிச்சுதே" என்றாள். அப்போதே ஏன் சொல்லவில்லை என்றேன். "சொன்னா நம்பியிருப்பீங்களாக்கும்?" என்றாள். கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். "நீங்க கேட்டுட்டீங்க, சரி. என்னைப் பொய்க்காரின்னது உங்க மக வாய்தானே, அது சொல்லட்டும்" என்றாள்.

என்மேல் கோபப்படு, எத்தனை வருஷம் வேண்டுமானாலும் பேசாமல் இரு, நான் உன் அத்தையோடு பேசாமல் இருக்கிறதைப்போல. ஆனால் அவளிடம் பேசிவிடு. பத்திரிகைக்கும் எழுது, கொட்டினது பெற்றவள் என்று அச்சில் வரட்டும். நீ நூறு வயசு நல்லபடியாக இரு, குழந்தை கண்ணுக்குள் நிற்கிறது. கடையின் போன் நம்பர் பின்பக்கம் இருக்கிறது, மூன்று மணிக்குமேல் கூட்டம் குறையுமாம். உன் பேரைச் சொன்னதும் அவள் போனை வைத்துவிட்டால், மறுபடியும் கூப்பிடு.

இப்படிக்கு,
உன் அம்மா